பிரார்த்தனை நோட்டில் இருந்து சிறுகதைக்கு

பக்தி நாட்குறிப்பு பாதியில் நின்றுபோவதற்குச் சோம்பலைவிடப் பெரிய காரணம், வேண்டுதலையே திரும்பத் திரும்ப எழுதுவது. 'மகனுக்கு வேலை கிடைக்கணும் தாயே' என்று பத்து நாள் எழுதினால் பதினோராம் நாள் பேனா ஓடாது.

200 பக்கக் கோடு போட்ட நோட்டு போதும். இடப்பக்கம் மட்டும், தேதி போட்டு, 15 நிமிடம். முதலில் கண்ணால் கண்டது ஒன்று. மதுரை மீனாட்சி கோயில் பொற்றாமரைக் குளத்துப் படியில் உட்கார்ந்துவிட்டு 'மனம் நிறைந்தது' என்று எழுதாதீர்கள். பக்கத்தில் ஒரு பாட்டி குங்குமத்தைச் செய்தித்தாள் துண்டில் மடித்தாரே, அதை எழுதுங்கள். கோயிலுக்குள் செல்போன் கிடையாது, படம் பார்த்துப் பிறகு எழுத முடியாது. வெளியே சித்திரை வீதிக்கு வந்ததும் நாலு சொல் குறித்துவிடுங்கள். அடுத்து நன்றி ஒன்று, வேண்டுதல் ஒரே வரி. வெயில் காலத்தில் கை வியர்த்து ஜெல் மை இழுகும், பால்பாயிண்ட் நல்லது.

வலப்பக்கம் கதைக்கு. ஒரு மாதம் திரும்பிப் பார்க்காதீர்கள். பிறகு ஒரு பதிவை எடுத்து, 'நான்' என்பதை 'அவள்' ஆக்கி, வேண்டியது கிடைக்காத மாதிரி மாற்றுங்கள். கதை அங்கேதான் சூடு பிடிக்கும். உரையாடலில் 'அங்கிட்டு', 'இங்கிட்டு' தாராளமாக வரட்டும். ஆனால் ஒவ்வொரு சொல்லையும் பேச்சொலியில் எழுதினால் வாசகர் எழுத்துக்கூட்டிப் படிக்க வேண்டிவரும், அழுகிற இடத்தில்கூட. கதைசொல்லியின் வாக்கியங்களை எழுத்துத் தமிழிலேயே விடுங்கள்.