கம்பி

மார்ச் 25, திங்கள். சிராகூசா, சிசிலி (இத்தாலி)

பாலம் தாண்டினால் ஒர்த்திஜியா. நடந்தே சுற்றிவிடலாம், அவ்வளவு சின்னத் தீவு. தேவாலயத்தின் பரோக் முகப்பைத்தான் எல்லோரும் படம் எடுக்கிறார்கள். எனக்குப் பக்கச் சுவர் பிடித்தது. கி.மு. 5ஆம் நூற்றாண்டில் கிரேக்கர்கள் கட்டிய அதீனா தேவி கோயிலின் தடித்த தூண்கள் சுவருக்குள் பாதி புதைந்து, பாதி வெளியே தெரிய நிற்கின்றன. கோயிலை இடிக்கவில்லை. தூண்களுக்கு இடையே சுவர் எழுப்பி, கருவறைச் சுவரை வளைவு வளைவாக வெட்டித் திறந்து தேவாலயமாக்கிவிட்டார்கள். நடுவில் கொஞ்ச காலம் மசூதியாகவும் இருந்திருக்கிறது. உள்ளே போய் ஒரு தூணில் கை வைத்தேன். சில்லென்று இருந்தது.

ஊருக்கும் இங்கேயும் நாலரை மணி நேரம். அங்கே எல்லோரும் தூங்கியிருப்பார்கள்.

மார்ச் 26

பழைய கல்குவாரிகள். இப்போது எலுமிச்சை, ஆரஞ்சு மரங்கள். 'டியோனீசியஸின் காது' என்கிற குகைக்குள் நின்று எல்லோரும் கத்திப் பார்க்கிறார்கள். 1608இல் இங்கே வந்த ஓவியர் கரவாஜியோ வைத்த பெயராம். இவர் "காப்பி, காப்பீ" என்று ரயில்காரர் மாதிரி கூவினார். குகை அதை இழுத்து இழுத்துத் திருப்பிச் சொன்னது. ஒரு ஜெர்மன் பாட்டி கை தட்டினார்.

கி.மு. 413இல் தோற்ற ஏதென்ஸ் படைவீரர்கள் ஏழாயிரம் பேரை இந்த ஊர்க் குவாரிகளில்தான் அடைத்து வைத்தார்கள். ஆளுக்கு நாளொன்றுக்குக் கால் லிட்டர் தண்ணீர், கொஞ்சம் தானியம். நாடகாசிரியர் யூரிப்பிடீஸின் வரிகளைப் பாடத் தெரிந்த சிலர் மட்டும் அதைச் சொல்லியே பிழைத்தார்கள் என்று பழைய கிரேக்க எழுத்தாளர் புளூட்டார்க் எழுதியிருக்கிறார். எனக்கு என்ன மனப்பாடம்? கந்த சஷ்டி கவசம். அதுவும் பாதி வரைக்கும்தான்.

மார்ச் 27

ரிப்போர்ட் வெள்ளிக்கிழமை இல்லையாம். திங்கள் என்கிறார்களாம்.

மார்ச் 28. நோட்டோ

ஊர் முழுக்கத் தேன் நிறக் கல். 1693 ஜனவரி 11 நிலநடுக்கத்தில் பழைய நோட்டோ தரைமட்டமாகி, சில கிலோமீட்டர் தள்ளிப் புதிதாகக் கட்டிய ஊர் இது. சாயங்கால வெயில் பட்டால் ஆளை மயக்குகிறது. ஆனால் எனக்கு மண்டையில் நின்றது வேறு. 1996இல் தேவாலயத்தின் கூரையும் குவிமாடமும் சரிந்து விழுந்தன. 1990இல் ஒரு நிலநடுக்கம் வந்து ஏற்கெனவே ஆட்டிவைத்திருந்தது. விழுந்த பிறகு பார்த்தால், தூண்களுக்கு வெளியே அழகான கல், உள்ளே சும்மா கல்லும் சாந்தும் போட்டு ரொப்பியது. வெளியே பார்க்க ஒரு குறையும் தெரியாது. திரும்பக் கட்டித் திறக்க 2007 ஆகிவிட்டது.

அப்பா விரல் முட்டியால் தட்டியே சொல்லிவிடுவார், இது பொக்கு, இது கெட்டி என்று. எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் தூணைத் தட்டுவார். அம்மாவுக்கு மானம் போகும்.

எத்தனை மாதமாக அவருக்கு வலி இருந்ததோ. ஒருவரும் தட்டிப் பார்க்கவில்லை.

மார்ச் 29

அக்ரிஜென்தோ. வெயில், கூட்டம், செருப்பு வார் அறுந்தது. கான்கோர்டியா கோயில் இத்தனை முழுசாக நிற்பதற்குக் காரணம் அதைத் தேவாலயமாக மாற்றியதுதான் என்றார் இவர். சரி என்றேன். இவரிடம் இன்று எரிந்து விழுந்தேன், இரண்டு முறை.

மார்ச் 30. செலினுந்தே

வரும் வழியெல்லாம் வீட்டு மொட்டைமாடிகளில் கம்பி நீட்டிக்கொண்டிருக்கிறது. நம் ஊர் மாதிரியேதான், மேல்மாடி பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்ட கம்பிகள். எங்கள் வீட்டில் எட்டுத் தூணுக்கு விட்டிருக்கிறது. துரு ஏறாமலிருக்க அப்பா இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை சிமெண்ட் பால் அடிப்பார். இந்தத் தடவை அடித்தாரா, கேட்கவில்லை.

செலினுந்தேயில் 'ஜி' என்று எழுத்து கொடுத்திருக்கும் கோயில் மலை சரிந்தது போலக் கிடக்கிறது. நின்றிருந்தால் தூண் ஒவ்வொன்றும் 16 மீட்டர். கட்டி முடிக்கவே இல்லை. கி.மு. 409இல் வட ஆப்பிரிக்காவிலிருந்து கார்த்தேஜ் படை வந்து ஒன்பதே நாளில் ஊரை முடித்துவிட்டது.

அதன் குவாரி குசா, பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளி, ஒலிவ மரங்களுக்கு நடுவே. அங்கே ஆளே இல்லை. தூணுக்கான உருளைகள் பாறையிலிருந்து இன்னும் பிரியாமல் நிற்கின்றன. உருளையைச் சுற்றி ஒரு ஆள் நுழைகிற அகலத்துக்குப் பள்ளம் வெட்டி, அதற்குள் நின்று கொத்தியிருக்கிறார்கள். நானும் இறங்கி நின்றேன். இரண்டு தோளும் கல்லில் உரசின. முகத்துக்கு நேரே உளித்தடம், சாய்வாக, வரிசை வரிசையாக, நேற்று அடித்தது போல. கீழே போகப் போகத் தடம் நெருக்கமாகி, ஒரு இடத்தில் சட்டென்று நின்றுவிட்டது. அதற்கப்புறம் வெறும் பாறை. அந்த இடத்தில் ஒரு பல்லி இருந்தது.

இவர் மேலே நின்று "போதும், ஏறி வா" என்றார். ஏற மனசில்லை.

மார்ச் 31

ஈஸ்டர். எல்லாக் கடையும் மூடல். ராத்திரி கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளிவிட்டார்கள், இனி ஊருக்கு மூன்றரைதான். ஒரு மணி நேரம் கிட்டே வந்த மாதிரி.

ஏப்ரல் 1

அக்கா பேசினாள்.

ஏப்ரல் 2. செஜெஸ்தா

காலையில் அப்பாவே கூப்பிட்டார். உடம்பைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. "எங்கம்மா இருக்க?" என்றார். குன்றின் மேல் தனியாக ஒரு கோயில்ப்பா, சுற்றித் தூண் எல்லாம் இருக்கிறது, கூரை இல்லை என்றேன். போனைத் திருப்பிக் காட்டச் சொன்னார். காட்டினேன். படிக்கற்களின் பக்கத்தில் குமிழ் குமிழாகத் துருத்திக்கொண்டிருப்பதை அவர்தான் கண்டுபிடித்தார். கயிறு மாட்டிக் கல்லைத் தூக்க விட்டது, வேலை முடிந்ததும் செதுக்கி எடுத்துவிடுவார்கள், இங்கே எடுக்கவில்லை என்றேன். தூண்களிலும் வரிப்பள்ளம் வெட்டவில்லை.

"செதுக்காம விட்டுட்டானா?" கொஞ்ச நேரம் பேச்சில்லை. இருமினார். "கூலி பாக்கியா இருக்கும்."

ஏப்ரல் 3

டிக்கெட்டை மாற்றியாயிற்று. கத்தானியா வேண்டாம், பலேர்மோவிலிருந்தே. நாளை காலை ஆறு மணி.