மறை விடையும் மீன் ஐஸும்

மார்ச் 3, செவ்வாய்

இன்றைக்கு சேர் பலகையில் எழுதியது ஒரே ஒரு சமன்பாடுதான். சக்தியின் வர்க்கம் ஒரு பக்கம், திணிவும் உந்தமும் மற்றப் பக்கம். வர்க்கமூலம் எடுத்தால் நேரும் வரும், மறையும் வரும். இதில் என்ன இருக்கிறது என்று நினைத்தேன், ஏனென்றால் ஏ.எல்.லில் மேலே எறிந்த பந்து எப்போது நிலத்தில் விழும் என்று கேட்டால் இரண்டு விடை வரும், மறை நேரத்தின் மேலே ஒரு கோடு கீறி 'பொருந்தாது' என்று எழுதிவிட்டு அடுத்த கணக்குக்குப் போய்விடுவோம். 1928இல் டிராக் என்ற பௌதிகவியலாளர் எழுதிய இலத்திரன் சமன்பாட்டிலும் மறைச் சக்தி வந்து நின்றதாம், அந்த மனுசன் அதை வெட்டவில்லை.

வெட்டாமல் விட்டாரே தவிர அது என்னவென்று அவருக்கும் உடனே பிடிபடவில்லை. முதலில் அதைப் புரோத்தன் என்று சொல்லிப் பார்த்தார். புரோத்தன் இலத்திரனை விட 1836 மடங்கு பாரம், அதெப்படி என்று மற்றவர்கள் பிடித்துக்கொண்டார்கள். 1931இல்தான் இலத்திரனின் அதே திணிவும் எதிர் ஏற்றமும் கொண்ட, ஒருவரும் கண்டிராத ஒரு துணிக்கை இருக்கவேண்டும் என்று எழுதினார். அதுதான் பொசித்திரன். இப்படி ஏற்றம் எதிராக இருக்கிற துணிக்கைகளால் ஆனதைத்தான் எதிர்ச்சடப்பொருள் என்கிறார்கள். அவருக்கே மூன்று வருசம் எடுத்திருக்கிறது, எனக்கு ஒரு லெக்சரில் விளங்காததில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

மார்ச் 6, வெள்ளி

பின்னேரம் அம்மாவோடு கோணேசர் கோயிலுக்குப் போனோம். திரும்பி வரும்போது கோட்டைக்குள் நிற்கிற மான் ஒன்று அர்ச்சனைத் தட்டில் இருந்த வாழைப்பழத்தைக் கேட்டுக் கேள்வி இல்லாமல் இழுத்துக்கொண்டு போய்விட்டது. மிஞ்சிய பழத்தை அம்மா உரிக்கும்போது என்னால் வாயை வைத்துக்கொண்டு இருக்க முடியவில்லை, இதற்குள் இருந்தும் எதிர்ச்சடப்பொருள் வருகிறது அம்மா என்று சொல்லிவிட்டேன்.

உண்மைதான். பழத்தில் இருக்கிற பொற்றாசியத்தில் மிகச் சிறிய பங்கு கதிர்த்தொழிற்பாடுள்ள பொற்றாசியம்-40. அது சிதையும்போது மிக அரிதாக, ஒரு லட்சத்தில் ஒரு தடவை என்ற அளவில், பொசித்திரன் ஒன்றை விடும். ஒரு பழத்துக்கு ஒன்றிரண்டு மணித்தியாலத்துக்கு ஒன்று தேறும். அது பழத்தைத் தாண்டுவதற்கு முன்னமே ஒரு இலத்திரனோடு முட்டி, இரண்டும் சேர்ந்து இரண்டு காமாக் கதிர்களாகிவிடும். ஆஸ்பத்திரிகளில் புற்றுநோய் தேடுகிற பெட் ஸ்கேனும் இப்படிப்பட்ட சோடிக் கதிர்களைத்தான் பிடிக்கிறது.

அம்மா பழத்தைப் பாதியில் நிறுத்திவிட்டு "அப்ப இது நஞ்சோ?" என்றா. எங்கள் உடம்பிலும் அதே பொற்றாசியம்தான் இருக்கிறது என்றதும் இன்னும் பயந்துவிட்டா. எனக்கு விளக்கம் சொல்ல இன்னும் வரவில்லை.

மார்ச் 8, ஞாயிறு

முகிலறை செய்து பார்த்தேன், ஏற்றமுள்ள துணிக்கை போன வழியில் மெல்லிய முகில் தடம் விழுகிற பெட்டி அது. சரிவரவில்லை.

1932 ஓகஸ்ட் 2ஆம் திகதி கலிபோர்னியாவில் அண்டர்சன் என்ற பௌதிகவியலாளர் எடுத்த, பொசித்திரனின் தடம் விழுந்த படத்தைப் பார்த்ததில் இருந்து கை துருதுருத்துக்கொண்டே இருந்தது. ஒரு முகிலறை, பெரிய மின்காந்தம், நடுவில் 6 மில்லிமீற்றர் ஈயத் தகடு. தகட்டின் ஒரு பக்கத்தில் தடம் அவ்வளவு வளையவில்லை, மறுபக்கத்தில் கூடுதலாக வளைகிறது. ஈயத்துக்குள் சக்தியை இழந்தால்தான் அப்படி வளையும், ஆகவே கீழே இருந்து மேலே போயிருக்கிறது. போன திசை தெரிந்தால் வளைந்த பக்கத்தை வைத்து ஏற்றம் நேர் என்று சொல்லலாம். புரோத்தனாக இருந்திருந்தால் அந்த வளைவுக்கு அவ்வளவு நீளத் தடம் விடவே ஏலாது. ஒரு ஈயத் தகட்டை வைத்து இவ்வளவையும் பிடித்திருக்கிறார், அப்போது அவருக்கு 26 வயது.

என்னிடம் இருந்தது தம்பியின் மீன் தொட்டி, அம்மாவின் அலுமினியத் தட்டு, பாமசியில் வாங்கிய ஐசோபுரோப்பைல் அல்ககோல், அப்புறம் அப்பா படகுக்கு எடுத்த ஐஸில் அரை ரெஜிபோம் பெட்டி. ஐஸைக் குத்தி உப்புப் போட்டு, அதன்மேல் கறுப்புத் துணி விரித்த தட்டை வைத்து, அல்ககோலில் நனைத்த ஸ்பொஞ்சை உள்ளே ஒட்டிய தொட்டியைக் கவிழ்த்து, லைட்டை நூர்த்துவிட்டு போன் டோர்ச்சைப் பக்கவாட்டில் பிடித்தேன். தட்டுக்கு மேலே மெல்லிய தூறல் மாதிரி ஒன்று விழுந்தது, டோர்ச் வெளிச்சத்தில் பொடிப்பொடியாக மினுங்கியது, வடிவாகத்தான் இருந்தது. தடம் மட்டும் ஒன்றுகூட இல்லை. தட்டின் வெப்பநிலை மறை 14 பாகை. மறை 26க்கும் கீழே போகவேண்டும், ஆனால் உப்புப் போட்ட ஐஸ் தலைகீழாக நின்றாலும் மறை 21ஐத் தாண்டாது. உலர் ஐஸ் என்றால் மறை 78, அதற்கு நான் எங்கே போவது?

மார்ச் 10, செவ்வாய்

பஸ்ஸில் நித்திரை. குறிப்பு எடுக்கவில்லை.

மார்ச் 14, சனி

இரவு திண்ணையில் வலை பொத்திக்கொண்டிருந்த அப்பா திடீரென்று கேட்டார்: "எல்லாம் எதிர் எண்டுறாய், அப்ப அதைக் கைவிட்டா மேல போகுமோ பிள்ளை?"

தோழி ஒருத்தியும் நானும் போன கிழமை இதையேதான் கன்ரீனில் பிளேன்டீ ஆறும்வரை கதைத்தோம். ஒரு பொசித்திரனை விழவிட்டுப் பார்க்க ஏலாது, ஏற்றம் இருப்பதால் பக்கத்தில் இருக்கிற சின்ன மின்புலமே புவியீர்ப்பை விடப் பலமாக அதை இழுத்துவிடும். ஏற்றமில்லாத ஒன்று வேண்டும். எதிர்ப்புரோத்தனையும் பொசித்திரனையும் சேர்த்து எதிர் ஐதரசன் அணு செய்து, அதைச் சுவரில் முட்டாமல் காந்தப்புலத்தால் பிடித்து வைத்திருந்து, புலத்தை மெல்லக் குறைத்துக் கைவிட்டார்கள், ஐரோப்பாவில் துணிக்கைகளை ஆராய்கிற சேர்ன் ஆய்வுகூடத்தின் அல்ஃபா குழுவினர். 2023இல் முடிவு வந்தது. பெரும்பாலானவை கீழேதான் விழுந்தன. ஆர்முடுகல் புவியீர்ப்பின் 0.75 மடங்கு, வழு எல்லையைச் சேர்த்துப் பார்த்தால் சாதாரண ஒன்றோடு ஒத்துப்போகிறது.

அப்பா ஊசியை நிறுத்தவில்லை. "கீழதான் விழும் எண்டு எனக்குத் தெரியும்" என்றார். எப்படி அப்பா என்றேன். கடலில் போட்டது எது மேலே வந்தது என்றார். மிதப்பு வருமே என்று சொல்ல நினைத்து, மடியில் கிடந்த வலையைப் பார்த்துவிட்டு விட்டுவிட்டேன்.

பெருவெடிப்பில் சடப்பொருளும் எதிர்ச்சடப்பொருளும் சமமாக உண்டாகியிருந்தால் ஒன்றையொன்று அழித்து ஒளி மட்டும்தான் மிஞ்சியிருக்கவேண்டும், நாங்கள் எப்படி மிஞ்சினோம் என்று ஒருவருக்கும் சரியாகத் தெரியாது, நூறு கோடிக்கு ஒன்று என்ற அளவில்தான் சடப்பொருள் கூடுதலாக இருந்திருக்கிறது என்றேன். அதற்கு அவர் நெடுநேரம் ஒன்றும் சொல்லவில்லை. உண்மையாகவே யோசிக்கிறார் என்று நினைத்தேன்.

"அந்தத் தட்டைக் கழுவிக் குடு. அம்மா ரெண்டு நாளாத் தேடுறா."