என் ஜிமெயிலின் சாவி கோண்டாவிலில் இருந்தது

ரொறன்ரோவிலிருந்து தங்கச்சி எடுத்தபோது இங்கே யாழ்ப்பாணத்தில் விடிய ஐந்தரை மணி. “அண்ணா, ஃபேஸ்புக்கில காசு கேட்டது நீங்களோ?” என்றாள். நான் கேட்கவில்லை. “எனக்கு உடனே விளங்கிட்டுது. ‘எப்படி இருக்க, அவசரமா பணம் வேணும்’ எண்டு கிடக்கு. நீங்கள் எப்ப என்னோட ‘பணம்’ எண்டு கதைச்சனீங்கள்?”

சித்தியின் மகள். பிறந்ததிலிருந்து ‘நீர்’, ‘உமக்கு’ என்றுதான் அவளோடு பேசுவேன். கள்ளனுக்கு எங்கள் பேச்சு தெரியவில்லை, அவள் தப்பினாள். சுவிஸில் இருக்கும் மாமா தமிழைக் கவனிக்கிற ஆள் இல்லை. 200 பிராங்க் அனுப்பிவிட்டார். அது போன காசுதான்.

பிழை என்னுடையதே. மனைவி ஒடியல் மாவும் பனங்கட்டியும் விற்கும் ஃபேஸ்புக் பக்கம் ஒன்று இருக்கிறது. அதை நான் என் கணக்கிலிருந்துதான் நடத்துகிறேன். ‘பதிப்புரிமை மீறல், 24 மணித்தியாலத்தில் பக்கம் நீக்கப்படும், முறையிட இங்கே அழுத்தவும்’ என்று ஒரு செய்தி வந்தது. அழுத்தி, கேட்ட இடத்தில் மின்னஞ்சலையும் பாஸ்வேர்டையும் கொடுத்தேன். ஜிமெயிலுக்கும் அதே பாஸ்வேர்ட். ஒரே திறப்பில் இரண்டு வீடு.

ஃபேஸ்புக்கில் மின்னஞ்சலையும் ஜிமெயிலில் பாஸ்வேர்டையும் கள்ளன் மாற்றிவிட்டான். ஃபேஸ்புக்கின் எச்சரிக்கை பழைய மின்னஞ்சலுக்குத்தான் வரும், அதனால் ஜிமெயிலை முதலில் பிடிக்க வேண்டும். அவசரத்தில் டவுனில் நண்பனின் கடைக் கணினியில் இருந்து முயன்றேன். ‘இது உங்கள் கணக்கு என்று உறுதிப்படுத்த முடியவில்லை’ என்றது. மூன்று தரம். வழக்கமாகப் பாவிக்கும் கருவியில், வழக்கமான இடத்தில் இருந்து முயலச் சொல்லி அதே பக்கத்தில் எழுதியிருந்ததை நான் மூன்றாந்தரம்தான் வாசித்தேன்.

அடுத்த நாள் கொக்குவில் வீட்டில், பழைய லேப்டொப்பில், வீட்டு வைஃபையில் உட்கார்ந்தேன். நினைவிலுள்ள கடைசி பாஸ்வேர்டைக் கேட்டது. கொடுத்தேன். பிறகு 47 என்று முடியும் இலக்கத்துக்குக் குறியீடு அனுப்பவா என்றது. மீட்பு இலக்கத்தை, அதாவது கணக்கைத் திரும்பப் பெறக் கொடுத்து வைக்கும் போன் இலக்கத்தை, கள்ளன் மாற்றினாலும் ஏழு நாள் வரைக்கும் பழைய இலக்கத்துக்கு அனுப்ப கூகுள் இடம் கொடுப்பதுண்டு. அது சரி, என் இலக்கம் 47இல் முடியாதே!

மனைவிக்குத்தான் ஞாபகம் வந்தது. 2010இல் இந்தக் கணக்கைத் திறந்து தந்தது திருநெல்வேலிச் சந்தியடியில் இருந்த கொமினிகேஷன் கடைக்காரத் தம்பி. அப்போது என்னிடம் போன் இருந்தும் இலக்கம் மனப்பாடமில்லை. தம்பி தன்னுடையதைப் போட்டிருக்கிறார்.

கடை மூடி எத்தனையோ வருஷம். விசாரித்து, கோண்டாவிலில் அவர் வீட்டைக் கண்டுபிடித்தேன். நல்ல காலம், இலக்கத்தை மாற்றவில்லை. அவர் வீட்டு விறாந்தையில் நான். கொக்குவிலில் லேப்டொப்புக்கு முன்னால் மனைவி. “அழுத்தும்” என்றேன். தம்பியின் போனில் குறியீடு வந்தது. அதை வாசித்து மனைவிக்குச் சொன்னேன். யாருக்கும் சொல்லவே கூடாது என்று பிள்ளைகளுக்குப் படித்துப் படித்துச் சொன்ன அதே ஆறு இலக்கம்! கணக்கு திறந்தது.

ஃபேஸ்புக்கிலிருந்து ஒரு மெயிலும் இல்லை. எனக்குச் சந்தேகம். செட்டிங்ஸில் வடிகட்டிகள் பகுதியைத் திறந்தால், ‘ஃபேஸ்புக்’ என்று வருவதெல்லாம் நேரே குப்பைக்குப் போகும்படி ஒன்று போட்டு வைத்திருக்கிறான். பாஸ்வேர்டை மட்டும் மாற்றிவிட்டு இருந்திருந்தால் இதைக் கண்டிருக்கவே மாட்டேன். குப்பையில் 30 நாள் கிடக்கும் என்பதால் ஃபேஸ்புக் அனுப்பிய எச்சரிக்கை அப்படியே இருந்தது: உங்கள் மின்னஞ்சல் மாற்றப்பட்டது, செய்தது நீங்கள் இல்லையென்றால் இங்கே அழுத்துங்கள். இந்தத் தரம் அழுத்த முன், அனுப்பியவரின் முகவரியை எழுத்தெழுத்தாகப் பார்த்தேன். ஃபேஸ்புக் அரை மணித்தியாலத்தில் திரும்பிவிட்டது.

பிறகு இரண்டிலும் தெரியாத கருவிகளை எல்லாம் வெளியேற்றி, இரண்டுக்கும் வெவ்வேறு பாஸ்வேர்ட் வைத்து, பாஸ்வேர்டுக்கு மேலே இன்னொரு குறியீடும் கேட்கிற இரட்டைச் சரிபார்ப்பும் போட்டேன். கூகுள் தருகிற பத்து மாற்றுக் குறியீடுகளைப் பிரின்ட் எடுத்துப் பிறப்புச் சான்றிதழ்களோடு அலுமாரியில் வைத்திருக்கிறேன். மீட்பு இலக்கம் இப்போது என்னுடையது. இதையெல்லாம் செய்ய ஒரு பின்னேரம்கூட ஆகவில்லை, பதினைந்து வருஷமாகச் செய்யவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஒரு சீப்பு கதலி வாழைப்பழத்தோடு தம்பியிடம் போனேன். “உங்கட மட்டுமில்லை அண்ணை, அந்த நாளில எத்தினை பேருக்கு இந்த நம்பரைப் போட்டனானோ” என்றார். இடைக்கிடை யாருடையதோ குறியீடு வருமாம், பார்த்துவிட்டு அழித்துவிடுவாராம். கதைத்துக்கொண்டிருக்கும்போதே போன் கிணுங்கியது. எடுத்துப் பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினார். ஆறு இலக்கம்.

“இது ஆரெண்டு தெரியேல்லை” என்றார்.