பாதி சிமென்ட், பாதி கசடு: ஒரு மழைநீர் வடிகாலுக்குக் கலவை ஒப்புதல் வாங்கிய அனுபவம்

கடற்கரை நகரம் ஒன்றில் 900 மீட்டர் நீள மழைநீர் வடிகால் பணியில், ஒப்பந்ததாரரின் தரக் கட்டுப்பாட்டுப் பொறியாளராக இருந்தேன். அடித்தளம், இரு பக்கச் சுவர்கள், மேல் மூடி ஸ்லாப் எல்லாம் சேர்த்து ஏறத்தாழ 600 கன மீட்டர் கான்கிரீட் தேவைப்பட்டது. மதிப்பீட்டில் இருந்தது வழக்கமான எம்30 கலவை, அதாவது 28 நாளில் 30 மெகாபாஸ்கல் அழுத்தத்தைத் தாங்க வேண்டிய தரம். ஒரு கன மீட்டருக்கு 380 கிலோ சாதாரண போர்ட்லண்ட் சிமென்ட், அதாவது களத்தில் நாம் ஓபிசி என்று சொல்வது. இதில் பாதியை எடுத்துவிட்டு, இரும்பாலை ஊதுலைக் கசட்டை அரைத்த ஜிஜிபிஎஸ் தூளைச் சேர்க்க அனுமதி வாங்குவதுதான் எனக்குக் கொடுக்கப்பட்ட வேலை. இதே முயற்சியில் இறங்கும் பொறியாளர்களுக்குப் பயன்படலாம் என்பதால், கோப்பு எங்கெங்கே நின்றது என்பதை எழுதி வைக்கிறேன்.

காரணத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். சிமென்டின் கரிமச் சுமைக்குச் சூளையின் எரிபொருள்தான் காரணம் என்று பலர் நினைக்கிறார்கள். சுமார் 1450 டிகிரி வெப்பத்தில் கிளிங்கர், அதாவது பின்னர் சிமென்டாக அரைக்கப்படும் கட்டி, உருவாகும்போது வெளியேறும் கார்பன் டைஆக்சைடில் ஏறக்குறைய 60 விழுக்காடு, சுண்ணாம்புக்கல் பிரிந்து சுண்ணாம்பாக மாறும் வேதிவினையிலிருந்தே வருகிறது. சூளையை எந்த எரிபொருளால் எரித்தாலும் அந்தப் பங்கு குறையாது. ஒரு கன மீட்டரில் போகும் கிளிங்கரின் எடையைக் குறைத்தால்தான் குறையும். இரும்பாலைக் கசடு ஏற்கெனவே உலையைக் கண்டு வந்த பொருள் என்பதால், அதற்கு அரைக்கும் மின்சாரமும் லாரி வாடகையும்தான் புதிய செலவு.

எரிசாம்பலை ஏன் எடுக்கவில்லை என்று எல்லோரும் கேட்டார்கள். அனல் மின் நிலையத்திலிருந்து 300 கிலோமீட்டருக்குள் நடக்கும் கட்டுமானங்கள் சாம்பலைப் பயன்படுத்த வேண்டும் என்று மத்தியச் சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் 2021 அறிவிக்கையும் சொல்கிறது. ஆனால் எங்களுக்கு வந்து இறங்கிய சாம்பல், லோடுக்கு லோடு நிறம் மாறியது. எரியாமல் எஞ்சிய கரி கூடுதலாக இருந்த நாட்களில், அது கலவையில் நீரைக் குறைக்க ஊற்றிய அட்மிக்சர் வேதிப்பொருளைக் குடித்துவிட்டு ஸ்லம்பை, அதாவது கலவையின் இளக்கத்தை, கவிழ்த்தது. மேலும், சாம்பல் கலந்த பிபிசி சிமென்டுக்கான தரநிலை சாம்பலின் பங்கை 35 விழுக்காட்டில் நிறுத்துகிறது. கசட்டுச் சிமென்டுக்கான இந்தியத் தரநிலையான ஐஎஸ் 455, கசட்டை 70 விழுக்காடு வரை விடுகிறது.

கோப்பு முதலில் நின்றது உதவிப் பொறியாளர் மேசையில். கடலோரச் சூழல் கடுமையான வெளிப்பாட்டு வகையில் வருகிறது. அதற்குக் கான்கிரீட் தரநிலையான ஐஎஸ் 456:2000-இன் ஐந்தாம் அட்டவணை, குறைந்தபட்சச் சிமென்ட் 320 கிலோ, நீர்-சிமென்ட் விகிதம் 0.45-க்கு மிகாமை, தரம் எம்30 என்று விதிக்கிறது. "320 கேட்கும் இடத்தில் 190 போடுகிறேன் என்கிறீர்களே" என்றார் அவர். நியாயமான கேள்வி. பதில் அதே அட்டவணையின் அடியில் சிறிய எழுத்தில் இருக்கிறது: பொருத்தம் நிறுவப்பட்டால், ஐஎஸ் 455 வரம்புக்குள் சேர்க்கும் கசட்டைச் சிமென்ட் கணக்கிலேயே எடுத்துக்கொள்ளலாம். அந்தக் குறிப்பை நகலெடுத்து, அடிக்கோடிட்டு, கசட்டுத் தூளுக்கான ஐஎஸ் 16714:2018-இன்படி எடுத்த சோதனைச் சான்றிதழுடன் இணைத்தேன். எந்த விளக்கவுரையையும்விட அந்த ஒரு பக்கம்தான் அதிக தூரம் பயணித்தது.

அடுத்தது சோதனைக் கலவை. ஆசை பெரிதாக இருந்ததால் 60 விழுக்காடு கசட்டில், 0.45 நீர் விகிதத்தில் தொடங்கினேன். எம்30-க்குப் பாதுகாப்பு இடைவெளியும் சேர்த்து இலக்குச் சராசரி வலிமை 38.25 மெகாபாஸ்கல், எனக்கு 28 நாளில் கிடைத்தது 36.4. கசட்டுக் கலவை தாமதமாக வலுப்பெறும், எனவே 56ஆம் நாள் வலிமையை ஏற்குமாறு கடிதம் எழுதினேன். செயற்பொறியாளர் மறுத்துவிட்டார். ஏற்பு விதிகள் 28 நாளைத்தான் சொல்கின்றன, பட்டியல் தொகையும் அந்தச் சான்றைப் பார்த்துத்தான் வழங்கப்படுகிறது, தணிக்கையில் இதற்கு யார் பதில் சொல்வது என்பது அவர் வாதம். அன்று எரிச்சலாக இருந்தது. ஆனால் தேதியைத் தளர்த்தினால் மோசமான கான்கிரீட்டும் "இன்னும் நாளாகவில்லை" என்று சொல்லித் தப்பித்துவிடும் என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன். கசட்டை 50 விழுக்காட்டுக்கு இறக்கி, உயர்தர அட்மிக்சரால் நீரை 160 லிட்டருக்குக் குறைத்து, ஓபிசி 190, கசடு 190 என்று மறுபடி கலந்தேன். 7 நாளில் 22 மட்டுமே வந்தபோது வயிற்றைக் கலக்கியது. 28 நாளில் 42 வந்தது.

உண்மையில் கோப்பை நகர்த்தியது குளோரைடு ஊடுருவல் சோதனை. கான்கிரீட்டுக்குள் உப்பு எவ்வளவு எளிதாகப் புகும் என்பதை, அதன் வழியே கடக்கும் மின்னூட்டத்தைக் கொண்டு அது காட்டும்; எண் குறைந்தால் நல்லது. ஓபிசி கலவையின் வழியே 3,000 கூலம்பை மிஞ்சி மின்னூட்டம் கடந்தது. கசட்டுக் கலவையில் 56ஆம் நாளில் 1,000-க்குக் கீழே நின்றது. அதே நகரில் கம்பி துருப்பிடித்து, அதை மூடிய கான்கிரீட் பெயர்ந்த வடிகால்களை ஆண்டுதோறும் ஒட்டிக்கொண்டிருந்த செயற்பொறியாளருக்கு இந்த இரண்டு எண்களுக்கு மேல் எதுவும் தேவைப்படவில்லை. என்னுடைய நான்கு பக்கக் கரிமக் கணக்கை அவர் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை.

பிறகு விலை வந்தது. கசட்டுத் தூள் சிமென்டைவிட மலிவு. அப்படியானால் உருப்படி விலையைக் குறைக்க வேண்டாமா என்று கணக்குப் பிரிவு கேட்டது. எங்கள் முதலாளி வேலையே வேண்டாம் என்னும் நிலைக்குப் போனார். வித்தியாசத்தில் அட்மிக்சர், கூடுதல் சோதனைகள், தூளைச் சேமிக்கும் தனி சைலோ வாடகை ஆகியவற்றைக் கழித்து, எஞ்சியதைக் குறைத்துக்கொள்ள இரு தரப்பும் ஒத்துக்கொள்வதற்குள் ஐந்து வாரம் ஓடியது. மொத்தத்தில் மிக அலுப்பான கட்டம் இதுதான். முடிந்தால் கலவை வடிவமைப்பையும் விலைப் பகுப்பாய்வையும் ஒரே கடிதத்தில் சேர்த்தே கொடுத்துவிடுங்கள்.

களத்தில் முதல் தவறு எங்களுடையது. ஓபிசிக்குச் சுவரின் பக்கப் பலகையை 16 முதல் 24 மணி நேரத்தில் பிரிக்கலாம். மேஸ்திரியும் பழக்கப்படி மறுநாள் காலை பிரித்தார். மார்கழிக் குளிரில் கசட்டுக் கலவை இன்னும் இறுகவில்லை. மேல் விளிம்பு இரண்டு மீட்டர் நீளத்துக்குப் பலகையோடு பெயர்ந்து வந்தது. எதிர்பாராத இன்னொன்றும் தெரிந்தது. "சார், உள்ளே பாசி பிடிச்சிருக்கு" என்று மேஸ்திரி கூப்பிட்டார். பெயர்ந்த இடம் கரும்பச்சையும் நீலமுமாக, தண்ணீர்த் தொட்டியின் உள்சுவர் போல இருந்தது. கசட்டில் உள்ள கந்தகச் சேர்மங்களால் வரும் நிறம் அது. காற்றுப் பட்டால் வெளுத்துவிடும். புத்தகத்தில் படித்திருந்தும், நேரில் பார்த்தபோது ஒரு கணம் கலவை கெட்டுவிட்டதென்றே நம்பினேன். மாலைக்குள் விளிம்புகள் சாம்பல் நிறத்துக்குத் திரும்பியிருந்தன. சேதமான பகுதியை வெட்டியெடுத்து மறுபடி வார்த்தோம். அதன்பின் 36 மணி நேரத்துக்கு முன் ஒரு பலகையும் கழற்றவில்லை.

வார்த்த கான்கிரீட்டை ஈரமாகவே வைத்திருக்கும் நீராற்றும் வேலையில் (கியூரிங்) விட்டுக்கொடுக்கவே கூடாது. கலப்புச் சிமென்டுக்குக் குறைந்தது 10 நாள், வெயிலில் 14 நாள் வரை என்கிறது தரநிலை. கோணிச் சாக்கைப் போர்த்தி, லாரித் தண்ணீர் வராத இரண்டு நாட்களில் பக்கத்துத் தெருக் கிணற்றிலிருந்து இறைத்து ஊற்றினோம். மேற்பரப்பு காய்ந்துவிட்டால் இந்தக் கலவையின் எல்லா மேன்மையும் அட்டவணையிலேயே நின்றுவிடும்.

கரிமக் கணக்கையும் சொல்ல வேண்டும். ஒரு கன மீட்டருக்கு ஏறத்தாழ 150 கிலோ, 600 கன மீட்டருக்கு 90 டன் அளவில் கார்பன் டைஆக்சைடு குறைந்தது. கசட்டைக் கொண்டுவந்த லாரிகளுக்காக அதில் மூன்று டன் போலக் கழியும். இந்த 90 டன்னைப் பெருமையாகச் சொல்லும்போது எனக்கே ஒரு தயக்கம் உண்டு. கிடைக்கும் தரமான கசட்டில் பெரும்பகுதி ஏற்கெனவே சிமென்ட் ஆலைகளுக்குப் போய்க்கொண்டிருக்கிறது. நாங்கள் எடுத்த 114 டன் வேறொருவர் மூட்டையில் குறைந்திருக்கலாம். அதனால்தான் சுட்ட களிமண்ணும் சுண்ணாம்புக்கல்லும் சேர்ந்த எல்சி3 சிமென்டை ஆவலோடு எதிர்பார்க்கிறேன். அதில் கிளிங்கர் பாதி அளவே போதும், களிமண்ணுக்கும் 800 டிகிரியை ஒட்டிய வெப்பம் போதும். ஐஎஸ் 18189:2023 வந்துவிட்டதால் கோப்பில் காட்ட ஒரு எண்ணும் இருக்கிறது.

இரண்டாம் கட்ட மதிப்பீட்டில் "கசட்டுத் தூள் 50 விழுக்காடு வரை" என்ற வரி சேர்ந்துவிட்டது. 28 நாள் விதி அப்படியே இருக்கிறது. முதலில் தோற்ற 60 விழுக்காட்டுக் கலவையில் சோதனைக்காக வார்த்த மூன்று கியூப்கள் தொட்டியில் மீந்திருந்தன. அவற்றை 90ஆம் நாள் உடைத்தேன்; சராசரி 44.8 வந்தது. அந்தத் தாளை யாரும் கேட்கவில்லை. நானாகவே கோப்பின் கடைசியில் சேர்த்து வைத்திருக்கிறேன்.