இல்லாத பிரிவில் ஒரு வழக்கு

2017. சென்னை தம்புச்செட்டித் தெருவில் வழக்கறிஞரான சீனியரிடம் நான் ஜூனியராகச் சேர்ந்து இரண்டாவது ஆண்டு. ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் ஒருவர், மடித்து மடித்துக் கிழியும் நிலைக்கு வந்துவிட்ட முதல் தகவல் அறிக்கையை நீட்டினார். தெருவில் தேங்கிய சாக்கடை நீரைப் படம் எடுத்து, பகுதிப் பிரமுகர் ஒருவரைச் சாடும் இரண்டு வரிகளுடன் பேஸ்புக்கில் போட்டிருந்தார். அறிக்கையில் 'பிரிவு' என்ற கட்டத்தில் நீல மையில் 66ஏ.

தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் அந்தப் பிரிவை 2015 மார்ச் 24 அன்றே ஷ்ரேயா சிங்கால் வழக்கில் உச்ச நீதிமன்றம் செல்லாததாக்கிவிட்டது. எரிச்சலூட்டினாலே 3 ஆண்டு வரை சிறை என்றது அந்தப் பிரிவு. யாருக்கு எரிச்சல், எவ்வளவு எரிச்சல் என்பதற்கு அதில் வரையறையே இல்லை.

சீனியர் சட்டப் புத்தகத்தைப் பிரித்துக் காட்டினார். பிரிவு முழுதாக அப்படியே இருந்தது. ரத்தான செய்தி பக்கத்தின் அடியில், பொடி எழுத்தில். "அடிக்குறிப்பை யாரம்மா படிக்கிறார்கள்?" என்றார். அந்தக் கேள்வி இன்னும் என்னை விடவில்லை. 2022 அக்டோபரில்கூட, இந்தப் பிரிவில் யார்மீதும் வழக்கு நடத்தக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் மறுபடியும் உத்தரவிட வேண்டியிருந்தது.

நம் ஊருக்குக் கருத்துரிமை வழக்குகளில் பழைய தொடர்பு உண்டு. 1950இல் 'கிராஸ்ரோட்ஸ்' இதழ் மதராஸ் மாநிலத்துக்குள் நுழையக் கூடாது என்ற தடையை எதிர்த்து அதன் ஆசிரியர் ரொமேஷ் தாப்பர் உச்ச நீதிமன்றத்தில் வென்றார். மறு ஆண்டே அரசியலமைப்பைத் திருத்தி, பேச்சுரிமைக்குக் கட்டுப்பாடு விதிக்க இடம் தரும் 19(2)இல் 'பொது ஒழுங்கு' என்பதைச் சேர்த்தார்கள். இணையத்தில் எழுதியதை முடக்க அரசு கையாளும், அதே தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஏ பிரிவிலும் அந்தச் சொல் இருக்கிறது. 2015 தீர்ப்பு அந்தப் பிரிவைச் செல்லும் என்றே விட்டது. முடக்கும் உத்தரவுகளை ரகசியமாக வைக்க அந்தப் பிரிவுக்கான 2009 விதிகள் சொல்கின்றன. எனக்கு இதுதான் பெரிய அச்சம். ஜெராக்ஸ் கடைக்காரருக்கு எதிர்த்து வழக்காட ஒரு தாளாவது கையில் இருந்தது.

உயர் நீதிமன்றத்தில் வழக்கு ரத்தானது. பறிமுதல் செய்த கைப்பேசியைத் திரும்பப் பெற்ற அன்று அலுவலகத்துக்கு வந்தார். வழக்குச் சொத்து எண் எழுதிய சீட்டு பின்புறத்தில் ஒட்டியபடியே இருந்தது.

"இனிமேல் எழுதலாமா, அம்மா?"

"தாராளமாக எழுதுங்கள்" என்றேன்.

தலையசைத்துவிட்டு, சீட்டை நகத்தால் சுரண்டத் தொடங்கினார். சில மாதங்கள் கழித்து அவர் பக்கத்தைத் தேடிப் பார்த்தேன். அந்தச் சாக்கடைப் படம்தான் கடைசிப் பதிவு.