தராசுக்கு வரும் பாத்திரங்கள்

பாத்திரக்கடையில் நான் அதிக காலம் நின்றது பழைய சாமான்களை எடைக்கு வாங்கும் பக்கம்தான். எங்கள் கடைக்குப் புதுச் சரக்கு பெரும்பாலும் திருப்பூர் அனுப்பர்பாளையத்திலிருந்து வரும். அதை விற்கும் பக்கம் எப்போதும் கலகலப்பாக இருக்கும். சீர் சாமான் எடுக்கக் குடும்பமே திரண்டு வந்திருக்கும். எடைக்குப் போட வருகிறவர்கள் தனியாக வருவார்கள், இல்லையென்றால் மகளையோ மருமகளையோ கூட்டி வருவார்கள்.

பையிலிருந்து சாமான்களை எடுத்து வைக்கும் வரிசையிலேயே பாதி தெரிந்துவிடும். பித்தளை அண்டா முதலில் வெளியே வரும். தூக்க முடியாத கனம், விளக்கி மாளாது, ஈயம் பூச ஆள் கிடைப்பதில்லை. அதற்கு யாரும் பெரிதாகத் தயங்கிப் பார்த்ததில்லை. பைக்கு அடியில் கிடக்கும் சின்னச் சாமான்களுக்குத்தான் நேரம் எடுக்கும். குழந்தைக்கு மருந்து புகட்டிய சங்கு, தூக்குப்போசி, எண்ணெய்க் கிண்ணம். இதெல்லாம் தராசில் ஏறினாலும் பெரிய தொகை வராது. ஆனாலும் கையை விட்டு இறங்காது.

எங்கள் பக்கத்துக் கணக்கு எளிது. செம்பும் துத்தநாகமும் சேர்ந்தது பித்தளை. செம்பும் வெள்ளீயமும் சேர்ந்த வெண்கலத்துக்கு விலை கூடுதல். இரும்பு வளையம் இருந்தால் கழற்றிவிட்டு எடை போடுவோம். அன்றைய விலையால் பெருக்கினால் தொகை வந்துவிடும். தொகையைச் சொன்ன பிறகுதான் பேச்சே ஆரம்பிக்கும்.

அதுவும் பேர் வெட்டிய பாத்திரம் என்றால் கேட்கவே வேண்டாம். இப்போது மெஷினில் கோடாக எழுதிவிடுகிறோம். அந்தக் காலத்தில் உளி வைத்துப் புள்ளி புள்ளியாகத் தட்டியிருப்பார்கள். புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்துத் தேய்த்து எழுத்து மழுங்கிப் போயிருக்கும். கண்ணுக்குத் தெரியாத எழுத்துகூட நகத்தை வைத்து இழுத்தால் தட்டுப்படும். கல்யாணச் சீராக வந்ததில் பெண்ணின் பேருக்கு முன்னால் அப்பாவின் இனிஷியல். பிறகு வாங்கியதில் கணவரின் இனிஷியல். ஒரே பையில் இரண்டும் சேர்ந்து வரும். கணவர் இனிஷியல் போட்டது சுலபமாகத் தராசு ஏறும். அப்பா இனிஷியல் உள்ளதை ஒரு தடவை புரட்டிப் பார்ப்பார்கள், முந்தானையால் துடைப்பார்கள். “எங்கப்பா கடன் வாங்கி எடுத்துக் கொடுத்ததுங்க தம்பி” என்று பல பேர் சொல்லக் கேட்டிருக்கிறேன். அந்தச் சாமான் அநேகமாகத் திரும்ப வீட்டுக்கே போகும். போகட்டும், அதுதான் சரி என்று எனக்குத் தோன்றும்.

ஆனால் பாசத்துக்குக் காரணம் எப்போதும் பேரோ, வாங்கித் தந்தவரோ மட்டும் இல்லை. ஒரு அம்மா மகளோடு வந்திருந்தார். கடைசியாக எடுத்தது ஒரு பித்தளை டம்ளர். இடுப்பில் நசுங்கல், விளிம்பு ஒரு பக்கம் தேய்ந்து கூர்மையாகவே ஆகியிருந்தது. பேர் எதுவும் இல்லை.

“இதையும் போட்டுடும்மா, வீட்டுல டம்ளருக்கா பஞ்சம்?” என்றாள் மகள்.

“இதுல நாலு அரிசிக்கு ஒண்ணு உளுந்து. இதைப் போட்டுட்டா நான் எதுல அளக்கறது கண்ணு?”

கடையில் இருந்த ஆழாக்கை எடுத்துத் தண்ணீர் ஊற்றிப் பார்த்தேன். எட்டு ஆழாக்கு ஒரு படி; ஒரு ஆழாக்கு ஏறக்குறைய 168 மில்லி. டம்ளர் அதைவிடக் கொஞ்சம் கூடப் பிடித்தது. 200 மில்லிக்கும் சேரவில்லை. மெட்ரிக் அளவுக்குச் சட்டம் வந்தது 1956-ல். அந்த வீட்டு அடுக்களையில் அதுவும் நுழையவில்லை, படிக்கணக்கும் நுழையவில்லை. இந்த டம்ளர்தான் அங்கே அளவு. அரிசிக்கும் இதுதான், உலைத் தண்ணீருக்கும் இதுதான். நசுங்கியதில் கொள்ளளவு கொஞ்சம் குறைந்திருக்கும். அதற்கும் கை பழகியிருக்கும். உப்பு எவ்வளவு என்பது இந்த டம்ளர் அரிசிக்கு எவ்வளவு என்பதுதான். அம்மாவிடம் சமையல் குறிப்பு எழுதி வாங்குகிற பெண்கள் இந்த ஒன்றை விட்டுவிடுகிறார்கள். அப்புறம் ஊருக்குப் போய்ச் செய்து பார்த்துவிட்டு, அந்தப் பக்குவம் வரவில்லையே என்று வருத்தப்படுகிறார்கள்.

மகள் கொஞ்ச நேரம் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தாள். “அப்ப எனக்கு இதே அளவுக்கு ஒண்ணு தேடித் தாங்கண்ணா” என்றாள். எவர்சில்வர் அலமாரியைத் திறந்து, ஒவ்வொன்றிலும் தண்ணீர் ஊற்றி ஊற்றிப் பார்த்தோம். டம்ளர் எதுவும் சரிப்படவில்லை. அகலமான ஒரு கிண்ணம் பொருந்தியது. பித்தளை டம்ளர் அம்மாவின் பைக்குள் திரும்பப் போனது.

எடைக்கு வாங்கியதெல்லாம் உருக்கத்தான் போகிறது. உருகிவிட்டால் எதுவும் திரும்பி வராது. அதனால் எடைப் பக்கத்துக்குப் புதிதாக வரும் பையன்களுக்குத் தராசு பழக்குவதற்கு முன்பே இரண்டு விஷயம் சொல்லிவிடுவேன். பேர் வெட்டியிருக்கும் பக்கத்தை அவர்கள் பார்க்கும்படி திருப்பி வை. டம்ளர், உழக்கு, கரண்டி மாதிரி ஏதாவது வந்தால், இதில்தான் வீட்டில் அளக்கிறீர்களா என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டு அப்புறம் தட்டில் போடு. முதலாளிக்கு ஒரு டம்ளர் பித்தளை குறையும், அவ்வளவுதானே.