ஒரே ஒரு ஐஸ் பெட்டி

நவம்பர் 19, செவ்வாய்

இரட்டையர் இருவரையும் ஒரே இரவில் சாகடிப்பது என்று முடிவாகிவிட்டது. 2011 டிசம்பர் 30, தானே புயல் கரை கடந்த விடியற்காலை. இரட்டையரான பெரியவருக்கும் அம்மாளுக்கும் அப்போது 63 வயது. ரெண்டு பேருமே கல்யாணம் பண்ணிக்கொள்ளாதவர்கள். புதுச்சேரியில், வைசியாள் வீதி மாதிரி ஒரு வீதியில் தாழ்வாரமும் முற்றமும் வைத்த பெரிய வீடு. பாரிஸிலிருந்து லீவுக்கு வந்திருக்கும் தம்பி மகன், முன்கட்டில் குடியிருக்கும் தங்கை மகள் மங்கை, அவள் புருஷன், சமையல்கார அஞ்சலை. இந்த வீட்டில் ஒருவர்கூட இன்னொருவரை வெறுக்கக் கூடாது என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். வெறுப்பு வந்துவிட்டால் சாதாரணக் கொலைக்கதை ஆகிவிடும். இவர்கள் எல்லாரும் நல்ல பழக்கவழக்கம் உள்ளவர்கள், வந்தவர்களுக்குக் காபி கொடுக்காமல் அனுப்பமாட்டார்கள்.

நவம்பர் 20, புதன்

இந்து வாரிசுரிமைச் சட்டம் 1956, பிரிவு 21. இரண்டு பேர் செத்து, யார் முதலில் என்று தெரியாமல் போனால், வயதில் இளையவர் பிறகுதான் செத்தார் என்று வைத்துக்கொள்ள வேண்டும், வேறு மாதிரி நிரூபணம் ஆகும்வரை. என் நாவல் முழுக்க இந்த ஒரு பிரிவின் மேல்தான் நிற்கிறது. பெரியவர் உயிலில் எல்லாம் அம்மாளுக்கு, அவர் இல்லையென்றால் பாரிஸ்காரனுக்கு. அம்மாள் உயிலில் எல்லாம் பெரியவருக்கு, அவர் இல்லையென்றால் மங்கைக்கு. ஆக, கடைசி மூச்சு யாருடையதோ அவர் பக்கத்து ஆளுக்கு வீடு, பாகூர் நிலம், பேங்க் லாக்கர், மொத்தமும்.

அடுத்தது 25வது பிரிவு. கொலை செய்தவனுக்குச் சொத்து இல்லை. இதைப் படித்துவிட்டுத்தான் தூக்கம் போனது. ஏனென்றால் இந்த வீட்டில் ஒருவன் இன்னொருவனைக் கொலைகாரன் என்று சொன்னால் அது செத்தவருக்காகப் பொங்கிச் சொல்வதாக இருக்க வேண்டியதில்லை, பங்கைக் குறைப்பதற்காகவும் சொல்லலாம். சட்டமே அதற்கு வழிவிட்டு வைத்திருக்கிறது.

தாத்தா ரெனோன்சானாக இருக்கக் கூடாது. 1881ஆம் வருஷத்துப் பிரெஞ்சு ஆணைப்படி தன் மதத்துச் சொந்தச் சட்டத்தை விட்டுக்கொடுத்துக் கையெழுத்துப் போட்டவர் என்றால் அந்தப் பரம்பரைக்கு இன்றைக்கும் பிரெஞ்சு சிவில் சட்டம்தான், என் 21 நிற்காது. தாத்தா கையெழுத்துப் போடவில்லை. ஆனால் மங்கையின் வக்கீல் போட்டிருப்பார், போட்டிருப்பார் என்று பழைய ரெக்கார்டுகளைத் தேடிக்கொண்டே இருப்பார்.

நவம்பர் 21, வியாழன்

அம்மாவின் லேப் ரிப்போர்ட் வரவில்லை.

நவம்பர் 22, வெள்ளி

அம்மா இன்று நன்றாகச் சாப்பிட்டாள். சாப்பிட்டுவிட்டு, ஜாக்கெட் தைக்க அளவெடுக்கப் போன பெரிய வீடுகளைப் பற்றி அவளாகவே பேச ஆரம்பித்தாள். ஒரு வீட்டில் ஒரே சமையல்கட்டில் நாலு அடுப்பு, நாலு மருமகள், நாலு பால் பாக்கெட். ஃபிரிட்ஜ் ஒன்றுதான். தட்டுக்குத் தட்டு பெயர் எழுதி ஒட்டியிருக்கும். கூடத்தில் தொங்கிய சர விளக்கில் பாதி பல்பு எரியாது. யார் முறை என்று முடிவாகாததால் வருஷக்கணக்கில் அப்படியே இருந்ததாம். "அந்த இருட்டுல அளவெடுக்க முடியாதுன்னு நான்தான் ஒரு நாள் பல்பு வாங்கிட்டுப் போனேன். நாலு பேரும் தேங்க்ஸ் சொன்னாங்க, காசு ஒருத்தரும் குடுக்கல."

அந்த விளக்கை அப்படியே எடுத்துக்கொண்டேன். அம்மாவின் பல்பையும்.

நவம்பர் 24, ஞாயிறு

பதிப்பக அண்ணன் போன் செய்தார். ஜனவரிக்குள் வர வேண்டுமென்றால் சீக்கிரம் கொடு என்றார். கதையை இந்த வருஷத்துக்குக் கொண்டுவர முடியுமா என்றும் கேட்டார். முடியாது என்றேன். 2024 ஜூலை 1லிருந்து புதுச் சட்டம், கொலைக்கு 103, சந்தேகச் சாவு விசாரணைக்கு 194. தமிழ் வாசகனுக்கு 302 என்றால் உடம்பு சிலிர்க்கும், 103 என்றால் பஸ் நம்பர். 2011 என்றால் 302, 174 என்று நிம்மதியாக எழுதலாம்.

அப்புறம் அவர் தயங்கித் தயங்கி, "அம்மா உடம்பு இப்படி இருக்கிறப்ப சாவை வெச்சுச் சிரிப்புக் கதை எழுதத்தான் வேணுமாம்மா?" என்றார். அக்கறையில்தான் கேட்டார், தெரியும். ஆனால் இதை அவருக்கு எப்படிச் சொல்வது என்று ராத்திரி முழுக்க யோசித்தேன். நான் சாவைப் பார்த்துச் சிரிக்கவில்லை. பிணத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அழுதுகொண்டே, அம்மாள் கழுத்துச் சங்கிலி ரெட்டை வடமா ஒத்தை வடமா என்று கண்ணால் அளக்கிற மங்கையைப் பார்க்கிறேன். அந்த அழுகையும் உண்மை, அந்த அளவும் உண்மை. ரெண்டையும் ஒரே வரியில் எழுதினால் சிரிப்பு தானாக வருகிறது. வேறு எப்படி எழுதினாலும் அந்த ஜனங்களுக்கு நான் அநியாயம் செய்கிறவள் ஆவேன். சொத்து உள்ளவர்களின் துக்கத்தைச் சோகமாகவே எழுதிவிட்டால் அது அவர்கள் பேப்பரில் கொடுக்கும் கண்ணீர் அஞ்சலி விளம்பரம்.

நவம்பர் 26, செவ்வாய்

மழை. பள்ளிக்கு லீவு விட்டுவிட்டார்கள். ரிப்போர்ட் இல்லை.

நவம்பர் 28, வியாழன்

நேற்றுப் புயலாகும் என்றார்கள். இன்று ஆகாது, தாழ்வு மண்டலமாகவே கரை கடக்கும் என்கிறார்கள். லேபில் கேட்டால் அவர்களும் நாளை என்கிறார்கள்.

பிறப்புச் சான்றிதழ் அத்தியாயம் முடிந்தது. 1948, பிரெஞ்சுக் காலம், பிறந்த நேரத்தையும் எழுத்தால் எழுதிவைக்கிற வழக்கம் இருந்தது. இரட்டையருக்கு ரெண்டு சான்றிதழ், ரெண்டிலும் பிரெஞ்சில் காலை ஆறு மணி. எழுதியவருக்கு அன்று என்ன அவசரமோ. மருத்துவச்சி உயிரோடு இல்லை. வெளியே முதலில் வந்தது பெரியவர் என்று மங்கை பக்கம் சாட்சி வரும். உடனே பாரிஸ்காரன் பக்கத்துக் கிழவி ஒருத்தி, முதலில் உண்டானதுதான் உள்ளே தள்ளி இருக்கும், கடைசியில் வரும், அதனால் பின்னால் வந்ததுதான் மூத்தது என்பாள். கோர்ட்டில் ஜட்ஜ் பேனாவைக் கீழே வைத்துவிடுவார். அம்மாவுக்கு இந்த இடம் ரொம்பப் பிடித்துவிட்டது. ரெண்டு தடவை படிக்கச் சொன்னாள்.

நவம்பர் 29, வெள்ளி

புயலாகிவிட்டது. ஃபெஞ்சல். லேப் நாளை கிடையாது. மாத்திரை, மெழுகுவர்த்தி, பிரட், தண்ணீர் கேன் வாங்கி வைத்தாகிவிட்டது. கையெழுத்துப் பிரதியை பாலிதீன் பையில் போட்டு பீரோ மேல் தட்டில் வைத்திருக்கிறேன்.

நவம்பர் 30, சனி

கரண்ட் இல்லை. போனில் கொஞ்சம்தான் சார்ஜ். அம்மா தூங்குகிறாள்.

டிசம்பர் 1, ஞாயிறு

ராத்திரி கரை கடந்த புயல் போகவே இல்லை, ஊர் மேலேயே நின்றுவிட்டது. ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் மழை. கிருஷ்ணா நகரில் ராணுவம் இறங்கி ஜனங்களைப் படகில் ஏற்றுகிறார்கள் என்று சித்தி போனில் சொன்னாள். எங்கள் தெருவில் முழங்காலுக்கு மேல் தண்ணீர், நாங்கள் மாடி என்பதால் தப்பித்தோம்.

இதை எழுதியாக வேண்டும். மத்தியானம் கீழ் வீட்டு அண்ணன் ஜெனரேட்டரை மாடிப்படிக்கு அடியில் கொண்டுவந்து வைத்து ஓட்ட ஆரம்பித்திருக்கிறார். வெளியே வைத்தால் நனையும். சாரல் அடிக்கக் கூடாது என்று கிரில் கேட்டுக்குத் தார்ப்பாய் கட்டிவிட்டார். எனக்கு முதலில் சத்தம் மட்டும்தான் கேட்டது, நல்லவேளை போன் சார்ஜ் போடலாம் என்றுகூட நினைத்தேன். அப்போது அம்மா "தலை கனக்குதுடி" என்றாள். எனக்கு உடம்பெல்லாம் ஜில்லென்று ஆகிவிட்டது. கதவு ஜன்னல் எல்லாவற்றையும் திறந்துவிட்டு, மழை உள்ளே அடித்தால் அடிக்கட்டும் என்று கீழே ஓடினேன்.

ஏனென்றால் என் நாவலில் அவர்கள் ரெண்டு பேரும் சாவது இப்படித்தான். புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, கண்ணுக்கும் தெரியாது. பாரிஸ்காரன் ஜெனரேட்டரைத் தாழ்வாரத்துக்குள் இழுத்து வைக்கிறான், வாடகைக்கு எடுத்தது, நனைந்தால் அவன்தான் காசு கொடுக்க வேண்டும். மங்கை முற்றத்துக் கதவைச் சாத்துகிறாள், கூடத்துத் தரையில் தண்ணீர் வந்தால் அவள்தான் துடைக்க வேண்டும். அவள் புருஷன் சத்தம் தாங்காமல் ஜன்னல் இடுக்கில் துணியை அடைக்கிறான். ஆளுக்கு ஒரு சின்ன வேலை, ஒவ்வொன்றும் நியாயமானது, ஒவ்வொன்றும் ஒரு செலவைத் தவிர்ப்பதற்காக. காலையில் துக்கத்துக்கு வந்தவர்கள் முகம் எவ்வளவு களையாக இருக்கிறது, தூங்குகிற மாதிரி இருக்கிறது என்கிறார்கள். அந்த விஷம் ஏறிய உடம்பு ரோஜா நிறத்துக்குச் சிவந்து கிடக்கும், அந்தக் களை அதுதான்.

கீழ் வீட்டு அண்ணன், "நனைஞ்சா போயிடும்மா, இப்பதான் வாங்கினேன்" என்றார். அதே வசனம். நான் எழுதி வைத்திருக்கும் அதே வசனம். கத்தினேன் என்றுதான் நினைக்கிறேன். பாவம், அவர் பயந்துபோய் உடனே நிறுத்திவிட்டார். அப்புறம் நாங்கள் ரெண்டு பேருமாக அதைத் தூக்கிக்கொண்டுபோய் கார் ஷெட்டில், தண்ணீர் ஏறாத மேடையில், காற்று போகும் பக்கமாக வைத்து மேலே ஒரு தகரத்தைச் சாய்த்துவிட்டு வந்தோம். அரைமணி நேரத்தில் அம்மாவுக்குத் தலைக்கனம் விட்டுவிட்டது. கருப்புக் காபி போட்டுக் கொடுத்தேன்.

சாயங்காலம் அந்த அத்தியாயத்தை எடுத்துப் பார்த்தேன், ஒரு வரியும் மாற்றவில்லை. கெட்டவர்கள் யாரும் இல்லாமலே ஒரு வீட்டில் ரெண்டு பேரைக் கொல்ல முடியும் என்று நான் நம்பித்தான் எழுதினேன். இப்போது இன்னும் நம்புகிறேன்.

டிசம்பர் 2, திங்கள்

சாத்தனூர் அணையை விடியற்காலையில் திறந்துவிட்டார்கள், 1,68,000 கன அடி. தென்பெண்ணையில் வெள்ளம். கடலூர் பெரியம்மா வீட்டுக்குள் தண்ணீர். போன் கிடைக்கவில்லை.

சாயங்காலம் கிடைத்தது. பள்ளிக்கூடத்து மாடியில் இருக்கிறார்கள். பெரியம்மா முதலில் கேட்டது அம்மா ரிப்போர்ட் என்ன ஆச்சு என்று.

டிசம்பர் 4, புதன்

கரண்ட் வந்துவிட்டது. லேப் திறந்துவிட்டார்கள், வெள்ளிக்கிழமை வரச் சொல்கிறார்கள்.

ஐஸ் பெட்டி அத்தியாயம். புயலில் ஊரெல்லாம் தேடியும் ஒரே ஒரு பெட்டிதான் கிடைக்கிறது. பிணம் ரெண்டு. பாரிஸ்காரன் கையெடுத்துக் கும்பிட்டு, "அத்தையைப் பெட்டியில வைங்க, பெரியப்பா தாங்கிப்பார்" என்கிறான். மங்கை உருகிப்போகிறாள், இவனுக்கு இவ்வளவு பாசமா என்று. அவன் போனில் படித்தது, உடம்பு எவ்வளவு குளிர்ந்திருக்கிறதோ அவ்வளவு முன்னால் செத்ததாக டாக்டர் கணக்கு போடுவார் என்று. அத்தை முதலில் செத்தால் சொத்து அவனுக்கு. அவன் படிக்காதது, குளிரில் உடம்பு விறைப்பது தள்ளிப்போகும், விறைத்ததும் சீக்கிரம் தளராது என்பது. பிரேதப் பரிசோதனையில் அம்மாள் உடம்புச் சூடு ஒரு நேரம் சொல்கிறது, விறைப்பு வேறு நேரம் சொல்கிறது. டாக்டர் ரெண்டையும் எழுதிவிட்டு, பெட்டி வாடகை ரசீதையும் சேர்த்து வைக்கச் சொல்கிறார். அந்த வாடகையைப் பாதியாகப் பிரித்துக்கொள்வதா, பெட்டியில் இருந்தவர் பங்கில் கழிப்பதா என்ற சண்டை மட்டும் மூன்று பக்கம் போகிறது. எழுத எழுத எனக்கே கை நிற்கவில்லை.

டிசம்பர் 5, வியாழன்

முடிவு கிடைத்துவிட்டது, கொடுத்தது அம்மா. காலையில் இட்லி சாப்பிட்டுக்கொண்டே, "அன்னைக்கு ராத்திரி அஞ்சலை எங்க படுத்திருந்தா?" என்று கேட்டாள். பின்கட்டில், என்றேன். "வயசானவங்க முனகினா சமையக்காரிக்குத்தான் முதல்ல கேக்கும். யார் முதல்ல போனாங்கன்னு அவளுக்குத் தெரியும்."

அவள் ஏன் சொல்லவில்லை என்றேன்.

"சம்பளம் எத்தனை மாசம் பாக்கி?"

நான் யோசித்ததே இல்லை. அம்மாவே சொன்னாள், ஏழு மாசம்னு வெச்சுக்கோ, மாசம் மூவாயிரம். அஞ்சலை கேட்பது அந்த 21,000 ரூபாய் மட்டும்தான், அதற்கு மேல் ஒரு பைசா வேண்டாம். கொடுத்துவிட்டால் உண்மையைச் சொல்லிவிட்டு ஊருக்குப் போய்விடுவாள். கோடிக்கணக்கில் சொத்து அந்த ஒரு வார்த்தையில் தொங்குகிறது. பாரிஸ்காரன் வந்து பத்தாயிரம் தருகிறேன் என்பான். மங்கை வந்து, நடுவில் நீ லீவு எடுத்த நாளையெல்லாம் கழிக்க வேண்டாமா என்று காலண்டரை எடுத்துவருவாள். அஞ்சலை அரிசி களைந்துகொண்டே கேட்டுக்கொண்டிருப்பாள். பேரம் நடக்கும், கேஸ் நடக்கும், அவள் வாயைத் திறக்கவே மாட்டாள்.

அம்மா அதோடு விடவில்லை. மங்கை கழிக்கிற நாட்களில் அஞ்சலை மகள் பிரசவத்துக்குப் போன நாளும் இருக்க வேண்டும் என்கிறாள். அது அதிகம் என்கிறேன் நான், அவ்வளவு கல்நெஞ்சு மங்கைக்குக் கிடையாது. "அவங்க வீட்ல நீ அளவெடுத்திருக்கியா?" என்கிறாள். மத்தியானத்திலிருந்து இதே வாக்குவாதம். இப்போதைக்கு அம்மா சொன்னபடி எழுதிப் பார்க்கிறேன், காலண்டரில் சிவப்பு மையில் வட்டம் போட்ட இடத்திலிருந்து